வன்னியும் வேலிகாத்தானும்

திருச்சிற்றம்பலம்.

  

நாம் கூடியிருக்கும் இத் திண்டிவனம் மரத்தால் பெயர் பெற்ற ஊர். திந்திரிணி என்னும் வடசொல் புளிய மரத்தைக் குறிக்கும். புளியங்காட்டிடையே எழுந்தருளிய பெருமான் திந்திரிணீசுவரர் ஆயினார். அவர் உறையும் திந்திரிணி வனம் நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். ஆதலின் இவ்வூரில் நின்று மரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாத செயலாகாது. சைவ சமயம் மரத்தை வெறும் விறகாகக் கண்ட சமயமன்று. தலந்தோறும் மூர்த்தியையும் தீர்த்தத்தையும் போற்றுவதுபோலவே தலமரத்தையும் போற்றுதல் நம் முன்னோர் வகுத்த முறை.

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு மரங்கள். ஒன்று வன்னி, மற்றொன்று நம் பகுதியில் வேலிகாத்தான் என்றும், பிற மாவட்டங்களிற் சீமைக்கருவேலம் என்றும் வழங்கும் முள்மரம். முன்னது சிவபெருமான் திருமுடியிற் சூடும் பத்திரத்தைத் தருவது. பின்னது ஏரிக்கரையிலும் குளத்தின் உள்வாயிலும் தரிசு நிலத்திலும் அடர்ந்து நிற்பது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக் காரணத்தை மறையாது கூறுதல் என் கடமை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊர்ப்பெயர் வேண்டா, சிவாலயத்துத் திருக்குளத்தைத் தூய்மை செய்ய இளைஞர்கள் முன்வந்தனர். தொடக்க நாளில் இரண்டு சொற் சொல்லுமாறு என்னை அழைத்தனர். யானும் சென்று, "முள்மரம் ஒன்றும் இங்கு நிற்றல் ஆகாது, வேரோடு களையுங்கள்" என்று முழங்கிவிட்டு வந்தேன். மறுநாள் மாலை மீண்டும் சென்று பார்த்தபோது குளம் வெளிச்சமாக இருந்தது. கோயிலின் பின்புறமும் வெளிச்சமாக இருந்தது. வெட்டுண்ட கிளைகள் குவிந்து கிடந்தன. ஆடு மேய்க்கும் முதியவள் ஒருத்தி அக் குவியலிலிருந்து சில கிளைகளை மட்டும் இழுத்துத் தன் ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வேலிகாத்தான் தழையை ஆடு தின்னுமா?" என்று கேட்டேன்.

"தின்னாதுங்க ஐயா. அதனாலதான் இதை மட்டும் எடுக்கிறேன். இது வேலிகாத்தான் இல்லீங்க, வன்னி. முள்ளைப் பாருங்க, தெரியும்" என்றாள் அவள்.

அவள் என்னைப் பழிக்கவில்லை. அந்த மரத்தை வெட்டச் சொன்னவன் யான் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என் நெஞ்சிற் தைத்தது. நாள்தோறும் சிவபூசை செய்பவன் அறியாததை அவள் ஆடு அறிந்திருந்தது. கோடரி பிடித்த இளைஞர் மீது குற்றமில்லை. அடையாளம் சொல்லாமல் ஆர்வத்தை மட்டும் மூட்டிவிட்ட என் மீதே குற்றம். அதற்குக் கழுவாயாகவே, மேடை கிடைத்த இடத்திலெல்லாம் இவ்விரண்டு மரங்களின் வேறுபாட்டை யான் எடுத்துச் சொல்லி வருகின்றேன்.

முதற்கண் வன்னியின் பெருமையைச் சிறிது நோக்குவோம்.

விழுப்புரத்தை அடுத்துள்ள திருவாமாத்தூர், மூவர் முதலிகளின் பாடல் பெற்ற நடுநாட்டுத் தலம். பம்பையாற்றின் கரையில் அபிராமேசுவரரும் முத்தாம்பிகையும் அருள் புரியும் அத் தலத்துக்கு உரிய மரம் வன்னி. கடலூர் மாவட்டத்துத் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்திலும் வன்னியே தலமரம். விபசித்து முனிவர் அத் திருக்கோயில் திருப்பணியைச் செய்தபொழுது, பணியாளர்க்குக் கூலியாக அந்த வன்னியின் இலைகளை உருவிக் கொடுத்தார் என்றும், அவரவர் செய்த வேலையின் அளவுக்கேற்ப அவ் விலைகள் பொன்னாக மாறின என்றும் தலபுராணம் கூறும். உழைத்தவனுக்கு உழைத்த அளவு பொன். ஏய்த்தவனுக்கு ஏய்த்த அளவு இலை. தராசு இல்லாமலே நிறுத்துக் கொடுத்தது அந்த மரம்.

திருப்புறம்பியத்து வன்னியோ சான்று சொன்ன மரம். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 64ஆம் படலம், வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம். திருப்புறம்பியத்தில் நிகழ்ந்த ஒரு திருமணத்துக்குச் சான்று யார் என்று மூத்தாள் இளையவளை இகழ்ந்து கேட்டபோது, அத் திருமணத்தைக் கண்டிருந்த வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் மதுரையிற் தோன்றிக் காட்சி தந்தன என்பது அவ் வரலாறு. யாரும் துணையில்லாத ஒரு பெண்ணின் கற்புக்கு ஒரு மரம் சான்று நின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பாரதத்திலும் வன்னி உண்டு. பாண்டவர் ஓராண்டுக் காலம் மறைந்து வாழ வேண்டி விராட நகரம் புகுமுன், தம் படைக்கலங்களைக் கட்டி மறைத்து வைத்தது சமி எனப்படும் வன்னி மரத்தின் மேல். அதனாலன்றோ இன்றும் விசயதசமி நாளில் வன்னி மரத்தடியில் அம்பு எய்யும் விழா நம் கோயில்களில் நடைபெறுகின்றது! வன்னி என்னும் சொல்லுக்கே நெருப்பு என்ற பொருளும் உண்டு. விறகிற்குள் தீ மறைந்திருப்பது போல உயிருக்குள் இறைவன் மறைந்திருக்கின்றான் என்று நம் சமயத்தார் சொல்லும் உவமைக்கு இம் மரத்தின் பெயரே சான்றாகின்றது.

இவையெல்லாம் புராணம் என்று ஒதுக்குவார் உளராயின், வரலாற்றிலிருந்து ஒன்று கூறுவேன். இராசத்தான மாநிலத்துச் சோத்பூர் அருகே கேசர்லி என்று ஒரு சிற்றூர். வன்னியை அந் நாட்டார் கேசரி என்பர். 1730இல் மார்வார் மன்னனின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. அரசனின் ஆட்கள் கோடரியுடன் வந்தனர். மரத்தையும் விலங்கையும் காப்பதையே சமய ஒழுக்கமாகக் கொண்ட பிசுனோய் மக்கள் தடுத்தனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி முதலில் மரத்தைத் தழுவி நின்று உயிர் கொடுத்தாள். அவள் பின்னே அவள் மக்களும், அவர் பின்னே ஊராரும் வந்து தழுவி நின்றனர். அவ்வாறு மாண்டவர் 363 பேர். செய்தி அறிந்த மன்னன் வெட்டுவதை நிறுத்தினான். 363 உயிர்களைக் கொடுத்துக் காக்கும் அளவுக்கு அந்த மரத்தில் என்ன இருக்கின்றது?

பாலையில் அது தாயாக இருக்கின்றது என்பதே விடை. வன்னியின் வேர் நிலத்துள் மிக ஆழமாகச் செல்லும். கோடையில் எல்லாம் வாடும்போதும் அது பசுந்தழை தரும். அதன் தழையை ஆடும் ஒட்டகமும் தின்னும். அதன் இளங்காயை மக்கள் கறியாகச் சமைப்பர். 1868, 1869 ஆண்டுகளில் இராசபுதனத்தில் பெரும்பஞ்சம் வந்தபோது இம் மரத்தின் பட்டையையே மாவாக்கி உண்டு பலர் உயிர் பிழைத்தனர். இவை எல்லாவற்றிலும் சிறந்தது ஒன்று: வன்னியின் அடியில் விதைத்த கம்பும் கடுகும் வெட்ட வெளியில் விதைத்தவற்றை விட நன்றாக விளையும். உதிரும் இலை உரமாகின்றது. மெல்லிய நிழல் வெயிலைத் தணிக்கின்றது. இன்று நம் இளைஞர் பலர் பொருள் தேடிச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் காபு என்ற பெயரால் வன்னியே நாட்டு மரமாகப் போற்றப்படுகின்றது. 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டு என்று அந் நாட்டார் கொண்டாடியபோது வன்னியையே அதன் சின்னமாக வைத்தனர். வேற்று நாட்டாரும் வேற்றுச் சமயத்தாரும் அம் மரத்தின் குணத்தைக் கண்டுகொண்டனர்.

இனி வேலிகாத்தானைப் பற்றிக் கூறுவேன். அதன் தாயகம் மெக்சிக்கோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரிபியத் தீவுகள். அது தானாக இங்கு வரவில்லை, நாமே அழைத்தோம். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கக் கருதிய ஆங்கில ஆட்சிக் காலத்து வனத்துறையினர் சமைக்காத் தீவிலிருந்து விதை தருவித்து, 1877இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில் ஊன்றினர். பின்னர் நாடெங்கும் பரப்பினர். இதில் ஒரு வியப்பைக் கேளுங்கள். வன்னிக்காக 363 பேர் மாண்ட அதே மார்வார் நாட்டில், 210 ஆண்டுகள் கழித்து, 1940இல் வேலிகாத்தான் அரச மரியாதைக்குரிய மரமாக அறிவிக்கப்பட்டு, மக்கள் அதைக் காக்குமாறு பணிக்கப்பட்டனர்.

அவ்வாறு அறிவித்தவரை நாம் எள்ளுதல் வேண்டா. அவர் கண்டது என்ன? மழையில்லாத மண்ணில் விரைந்து வளர்கின்றது. வெட்ட வெட்டத் தழைக்கின்றது. ஏழையின் அடுப்புக்கு விறகு தருகின்றது. அது உண்மையே. நம் தாய்மார்கள் எத்தனை ஆண்டுகள் அந்த விறகாற் சோறு பொங்கியிருக்கின்றனர்! கரி மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை! அதன் பூவிலே தேனீக்குத் தேனும் உண்டு. நன்றி மறத்தல் சைவர்க்கு ஆகாது. வேலிகாத்தான் செய்த நன்மையையும் ஒப்புக்கொண்டே அதன் தீமையைக் கூற வேண்டும். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், நஞ்சைக் கக்கும் என்றெல்லாம் ஊரில் வழங்கும் பேச்சுக்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை. இல்லாத குற்றத்தை ஏற்றாமலே சொல்லத்தக்க குற்றம் அதற்கு உண்டு.

அஃதாவது, அது பிறரை வாழவிடாது. அதன் சருகிலும் வேரிலும் உள்ள பொருள்கள் பிற செடிகளின் விதை முளைப்பதைத் தடுக்கின்றன. அது ஓரிடத்திற் குடியேறினால் புல் மறையும், மூலிகை மறையும், ஏரியின் உள்வாய் அடையும், நீர் வரும் கால்வாய் தூர்ந்துபோம். தன் அடியில் விதைத்ததை வளர்ப்பது வன்னி. தன் அடியில் எதையும் வளர விடாதது வேலிகாத்தான். இரண்டும் வறண்ட நிலத்தில் வாழ்பவை, இரண்டும் முள்ளுடையவை, இரண்டும் ஆழ வேர் விடுபவை. ஆயினும் பக்கத்திலிருப்பாரை நடத்தும் முறையிலே ஒன்று தாய், மற்றொன்று பகை.

இனி அடையாளம் கூறுவேன். இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன்.

முதலாவது முள். அந்த முதியவள் சொன்னது இதுவே. வேலிகாத்தானின் முள் இலை தோன்றும் கணுவிலே, பெரும்பாலும் இரண்டிரண்டாக, நீண்டு நிற்கும். வன்னியின் முள் கணுவில் இராது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட தண்டிலே ஒற்றையாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக, அடி பருத்து நுனி கூர்ந்து, குட்டையாக நிற்கும்.

இரண்டாவது இலை. இரண்டுக்கும் சிற்றிலைகள் இரு மருங்கும் வரிசையாக அமைந்திருக்கும். வேலிகாத்தானின் சிற்றிலை ஒடுங்கி நீண்டு பசுமை மிக்கது. வன்னியின் சிற்றிலை சிறியது. சாம்பல் பூத்தாற் போன்ற பச்சை நிறமுடையது.

மூன்றாவது உருவம். வன்னி முதிர்ந்தால் ஓரடி மரமாக நிமிரும். பட்டை சாம்பல் நிறத்துடன் ஆழமாக வெடித்திருக்கும். மெல்லிய கிளைகள் தாழ்ந்து தொங்கும். வேலிகாத்தான் பெரும்பாலும் அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்துப் புதராகும். அதன் சிறு கிளைகள் கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து செல்லும்.

நான்காவது காய். வன்னியின் நெற்று மெலிந்து உருண்டு குச்சி போலத் தொங்கும். வேலிகாத்தானின் நெற்று தட்டையாகத் தடித்து, பழுத்தால் மஞ்சள் நிறமும் இனிப்பும் பெறும்.

பூவை ஏன் கூறவில்லை என்பீர்கள். பூவிலே இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மங்கிய மஞ்சள் நிறத்து நுண்ணிய பூக்கள் விரல் நீளக் கதிராக இரண்டிலும் தோன்றும். பூத்து நிற்கும்போது ஏமாறுவோம், காய்க்கும்போது தெளிவோம். மனிதரும் அவ்வாறே அல்லரோ? பேச்சாகிய பூவிலே நல்லோரும் அல்லாரும் ஒன்றாகவே தோன்றுவர். செயலாகிய காயிலே வேறுபாடு வெளிப்படும்.

கற்றறிந்த தாவர நூலாரே நெடுங்காலம் இவ்விரண்டையும் புரோசோபிசு என்னும் ஒரே பேரினத்தில் வைத்து, ஒரு வீட்டுப் பிள்ளைகளாகவே எண்ணி வந்தனர். 2022இல் மரபணு ஆராய்ச்சியின் துணையால் அவ் வீட்டைப் பிரித்தனர். வேலிகாத்தானும் அதன் அமெரிக்க உறவுகள் பலவும் நெல்டுமா என்னும் வேறு பேரினத்துக்குச் சென்றன. பழைய குடிப்பெயர் வன்னியிடமே நிலைத்தது. வன்னியின் முழுப் பெயர் புரோசோபிசு சினரேரியா. சினரேரியா என்னும் இலத்தீன் சொல் சாம்பல் நிறத்தைக் குறிக்கும். நாம் நெருப்பென்று பெயர் வைத்தோம். மேலை நாட்டார் சாம்பல் என்று பெயர் வைத்தனர். நெருப்பும் நீறும் யாருடைய திருமேனிக்குரியவை என்பதை இந்த அவையில் யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வன்னி நம் நாட்டு மரம், ஆதலின் நல்லது. வேலிகாத்தான் அயல் நாட்டு மரம், ஆதலின் தீயது என்பதுதான் உன் கருத்தா என்று கேட்கலாம். அன்று. திண்டிவனத்தில் நின்றுகொண்டு அவ்வாறு கூறினால் இவ்வூர்ப் பெருமானே நகைப்பார். இவ்வூர்க்குப் பெயர் தந்த புளிய மரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்று தாவர நூலார் கூறுகின்றனர். எண்ணற்ற நூற்றாண்டுகளுக்கு முன் வந்த அது நம் ஏரியை அடைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றது. வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது. நம் குழம்புக்குச் சுவை தந்தது. இறுதியில் இறைவன் திருப்பெயரிலேயே இடம் பெற்றது. வந்தவர் என்பதனால் எவரையும் தள்ளுதல் அறமன்று. வந்த இடத்தில் பிறரோடு கூடி வாழ்ந்தாரா, பிறரை ஒழித்து வாழ்ந்தாரா என்பதே கேள்வி.

அன்பர்களே! மீண்டும் திருவாமாத்தூருக்கு வருவோம். ஆ என்பது பசு. முன்னொரு காலத்தில் கொம்பில்லாமையால் கொடிய விலங்குகளுக்கு அஞ்சி வருந்திய பசுக்கள், அத் தலத்துப் பெருமானை வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். பசு என்னும் சொல்லுக்குச் சித்தாந்தத்தில் உயிர் என்பது பொருள். தன்னைக் காக்கும் வலிமையில்லாத உயிர் இறைவனை அடைந்து வலிமை பெற்றது என்பதே அதன் உட்பொருள்.

இன்று அதே பசுக்கள் எதைத் தின்கின்றன? புல் மறைந்த ஏரிக்கரையில் வேலிகாத்தானின் இனிய நெற்றைத் தின்கின்றன. நெற்றின் சதை செரிக்கின்றது, விதை செரிப்பதில்லை. வயிற்றினுள்ளே அதன் கடிய தோல் நெகிழ்ந்து, முன்னினும் எளிதாக முளைக்கும் பக்குவம் பெற்று, சாணத்தோடு வெளிப்படுகின்றது. சாணமே அதற்கு எருவுமாகின்றது. பசு எங்கெல்லாம் நடக்கின்றதோ அங்கெல்லாம் முள் முளைக்கின்றது. தன் மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் முள்ளைப் பசு தானே தன் வயிற்றிற் சுமந்து சென்று விதைக்கின்றது!

பாசம் பசுவைப் பற்றும் முறையை இதைவிடத் தெளிவாக விளக்கும் காட்சி வேறு உண்டோ? இனிப்பாக இருந்தது, உண்டோம். சுவை அன்றே தீர்ந்தது. விதை தீரவில்லை. நாம் செல்லும் இடமெல்லாம் அதைச் சுமந்து சென்று, நாமே விதைத்து, பின்னர் முள் குத்துகின்றதே என்று நாமே அழுகின்றோம். கன்மம் என்பது இதுவே.

கென்யா நாட்டிலும் நம் வேலிகாத்தானை ஒத்த மரத்தை நன்மை கருதியே நட்டனர். மேய்ச்சல் நிலம் போயிற்று. இனிய நெற்றைத் தின்ற ஆடுகள் பல் இழந்தன. 2006இல் அந் நாட்டு மேய்ப்பர் நீதிமன்றம் சென்றபோது பல்லில்லாத ஆடு ஒன்றையே சான்றாகக் கொண்டு சென்றனர். மதுரையில் ஒரு பெண்ணுக்காக வன்னி வந்து சான்று நின்றது. கென்யாவில் முள்மரத்துக்கு எதிராக ஒரு வாயில்லாச் சீவன் வந்து சான்று நின்றது. தன் இயல்பை எதுவும் நெடுநாள் மறைக்க முடியாது. அதற்குரிய சான்று எங்கிருந்தேனும் வந்தே தீரும்.

நம் மாநிலத்திலும் 2017இல் இம் முள்மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாட்டரசு அயல் படையெடுப்புத் தாவரங்களைக் குறித்து ஒரு கொள்கை வகுத்தது. நல்லது. ஆனால் ஆணை கோடரியைத்தான் தர முடியும். கண்ணைத் தர முடியாது. கண்ணின்றிக் கோடரி மட்டும் பெற்றவன் என்ன செய்வான் என்பதற்கு யானே சான்று. பொய்யை ஒழிக்கப் புறப்பட்டவன் மெய்யையும் சேர்த்து வெட்டுவான். பகுத்தறியாத சினம் தீமையை விட விரைந்து தீமை செய்யும்.

வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. வேலிகாத்தானைத் தரைக்கு மேல் வெட்டினால் அது சாவதில்லை. ஒரு தண்டு நின்ற இடத்திற் பல தண்டுகள் எழும். அடிக்கட்டையையும் வேர்க்கழுத்தையும் சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலம் நெகிழ்ந்திருக்கும்போது இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். கால்நடைக்கு நெற்றைக் கொடுப்பதாயின் விதை உடையும்படி அரைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த இடத்தை வெறுமையாக விடுதல் ஆகாது. வெறும் நிலத்தில் முள்ளே மீண்டும் முளைக்கும். வன்னி விதையை ஒரு நாள் நீரில் ஊற வைத்து ஊன்றுங்கள். அது மெல்லத்தான் வளரும். வேலிகாத்தான் விரைந்து வளர்வதைக் கண்டு மனம் தளராதீர்கள்.

ஆணவமும் அத்தகையதே. நாவால் மட்டும் ஒழித்தேன் என்பவனிடம் அது ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். அடியோடு அகழ்ந்து, அந்த இடத்திற் சிவ சிந்தனையை நட்டு, நாள்தோறும் நீர் வார்த்தாலன்றி அது நீங்காது.

அந்தச் சிற்றூரின் பின்கதையைச் சொல்லி அமைகின்றேன். வெட்டுண்ட வன்னியின் அடிக்கட்டை, இளைஞர் வேரைத் தோண்டுமுன் யான் சென்றுவிட்டமையால், மண்ணிலேயே நின்றது. அந்த முதியவள் சொன்ன அடையாளத்தை அவர்களுக்குக் காட்டினேன். என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒருவன் மட்டும் குடத்தில் நீர் கொணர்ந்து அந்தக் கட்டையின் மேல் ஊற்றினான். அடுத்த மழைக்குப் பின் அது துளிர்த்தது. துளிரை ஆடு மேயாமல் காக்க வேண்டுமே! வேலி போடப் பொருள் இல்லை. குளத்திலிருந்து வெட்டிக் காயப் போட்டிருந்த வேலிகாத்தான் முள்ளையே கொணர்ந்து சுற்றி வளைத்துக் கட்டினர்.

அழுக்கைக் கொண்டே அழுக்கைப் போக்கும் வண்ணானைப் போல இறைவன் மாயையைக் கொண்டே நம் ஆணவத்தைத் தேய்க்கின்றான் என்று நம் சித்தாந்தப் பெரியோர் கூறுவர். அதை நூலிற் படித்திருந்தேன். அந்தக் கோயிலின் பின்புறத்தில் கண்ணாற் கண்டேன். களையப்பட்ட முள் காவலாயிற்று. வேலிகாத்தான் தன் பெயருக்கேற்ப அன்றுதான் ஒரு நல்ல வேலியைக் காத்தது. இன்று அந்த வன்னி என் தோளுயரம் நிற்கின்றது. சென்ற கார்த்திகைச் சோமவாரத்தில் அதிலிருந்து ஒரு கொத்து இலை பறித்துப் பெருமானுக்குச் சாத்தினர். பறித்துத் தந்தவள் அந்த முதியவளே.

உங்கள் ஊர்க் குளக்கரையிலும் கோயிற் புறத்திலும் முள்மரம் நிற்கும். அதன் அருகிற் சென்று, முள் கணுவில் நிற்கின்றதா, கணுவிடையில் நிற்கின்றதா என்று முதலிற் பாருங்கள். அதன் பின்னர்க் கோடரியை எடுங்கள். ஒரு வன்னியேனும் அவ்வாறு பிழைக்குமாயின் இத் திருவிழா நாளில் யான் பேசியதற்குப் பயன் அதுவே.

யாவருக்கும் திந்திரிணீசுவரப் பெருமான் திருவருளும் மரகதாம்பிகை திருவருளும் உண்டாகுக.

திருச்சிற்றம்பலம்.